மயாதா கேட்ட கேள்வி

பிடிபட்ட மூன்றாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, என்னை மீட்க ஒருவரும் வரப்போவதில்லை என்று. காவலுக்கு இருந்த அபூ மிஹ்ஜன்தான் சிரித்துக்கொண்டே வந்து சொன்னான்.

“உன் செய்தி நிறுவனத்துக்கு போன் போட்டோம்டா. நதீர்னு யாரும் எங்ககிட்ட வேலை பார்க்கலையேன்னு சொல்லிட்டான் அந்த மகராசன்.”

அவன் சொன்னதில் பொய்யில்லை. நான் அவர்களுடைய ஊழியன் இல்லை. செய்திக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எழுதுகிற ஆள். இரண்டு வருடம் அலெப்போவில் குண்டு விழுந்த தெருவெல்லாம் அலைந்து எழுதி அனுப்பியிருக்கிறேன். என் பெயரைப் போடமாட்டார்கள், ‘எங்கள் செய்தியாளர்’ என்று போடுவார்கள். அது என் பாதுகாப்புக்காக என்று சொன்னபோது தலையாட்டிய முட்டாள் நான்தான். அப்பா அம்மா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. அந்த நிலவறையில் நான் செத்திருந்தால் ஒரு வீட்டில்கூட அழுகைச் சத்தம் கேட்டிருக்காது.

பிடித்தவர்களுக்கு வேண்டியிருந்தது நான் இல்லை, ஹாஸிம். அவனோடு காரில் இருந்ததால் என்னையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஹாஸிமுக்குச் சொந்த ஊர் இத்லிப் பக்கம் தல் ஸுஹைர். சண்டைக்கு முன்பு கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன். சண்டை வந்த பிறகு அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரில் விழுந்த குண்டுகளையும் ஊர்வலங்களையும் எடுத்தான். அந்த செப்டம்பரில் அவன் கேமராவில் வேறொன்று விழுந்தது. ஊரை அப்போது ஓர் ஆயுதக் கூட்டம் பிடித்து வைத்திருந்தது; அதன் பெயரை இன்றும் நான் எழுதுவதில்லை. எங்கள் மாவை எங்களுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கப் போன பதினோரு பேரை மாவுக் கிடங்கின் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட்டவர்கள் முகத்தை மூடக்கூட இல்லை. எதிரே மருந்தகத்துக் கூரையில் படுத்துக்கொண்டு ஹாஸிம் முழுவதையும் எடுத்தான். பிறகு அந்தக் கூட்டம், பதினோரு பேரும் எதிரியோடு சண்டையிட்டுச் செத்தார்கள் என்று அறிக்கை விட்டது. அது பொய் என்று காட்ட உலகத்தில் இருந்தது ஹாஸிமின் கறுப்பு ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான்.

அதைப் பார்க்கத்தான் அக்டோபரில் நான் தல் ஸுஹைர் போனேன். பார்ப்பதற்கு முன்பே அந்தக் கூட்டத்து ஆட்கள் எங்களை வழியில் மறித்துவிட்டார்கள். ஊர் மீடியா ஆபீசில் இருந்த ஒரே லேப்டாப்பையும் அன்றே தூக்கிக்கொண்டு போனார்கள். டிஸ்க் அங்கே இல்லை. அது எங்கே என்று ஹாஸிமுக்குத் தெரியும், அவன் மனைவி மயாதாவுக்குத் தெரியும்.

எங்களை வைத்திருந்தது பழைய ஆலிவ் எண்ணெய் ஆலை ஒன்றின் நிலவறை. டின் அடுக்கி வைத்த அறை. சுவரெல்லாம் சக்கை நாற்றம். காலையில் காய்ந்த ரொட்டி, மாலையில் பருப்புச் சாறு, நல்ல மனநிலையில் இருந்தால் ஒரு கை ஆலிவ். இரண்டு பேருக்கும் ஒரே கம்பளி. ஹாஸிமை மட்டும் நாள் விட்டு நாள் மேலே கூட்டிப்போவார்கள். உள்ளங்காலில் அடிப்பார்கள். டிஸ்க் எங்கே என்று கேட்பார்கள். அவன் திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நடந்து வருவான். வந்ததும் என்னைப் பார்த்து, “என்னடா அலெப்போக்காரா, பசிக்குதா? உங்க ஊர்ல பன்னெண்டு விதமா கிப்பே செய்வீங்களே, அதுல ஒண்ணு சொல்லு, கேட்டே வயித்தை ரொப்பிக்கிறேன்” என்பான். அலெப்போக்காரர்கள் வயிற்றுக்குப் பிறந்தவர்கள் என்பது இத்லிப்காரர்களின் அபிப்பிராயம். அவர்களுக்கு எண்ணெயைத் தவிர ஒன்றும் தெரியாது என்பது எங்களுடையது. இதை வைத்தே இரண்டு வாரம் ஓட்டினோம்.

அதற்குமேல் ஓடவில்லை. மனது பிசகத் தொடங்கியது. ஒரு நாள் நான் டின்களோடு பேசிக்கொண்டிருந்ததாக ஹாஸிம் சொன்னான். அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்ய ஆரம்பித்தேன். அவனைப் பேட்டி எடுத்தேன்.

பேனா இல்லை, காகிதம் இல்லை. கேட்பேன், மனதில் எழுதிக்கொள்வேன். இரண்டு பேர் சொன்னால்தான் செய்தி என்று பழகியவன் நான். அங்கே இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? அதனால் திங்கட்கிழமை கேட்டதையே வியாழக்கிழமை வேறு பக்கமிருந்து கேட்பேன். அன்று மழையா என்று ஒருநாள், அன்று என்ன செருப்புப் போட்டிருந்தாய் என்று இன்னொருநாள். விவரம் ஒட்டவில்லை என்றால் விடமாட்டேன்.

ஹாஸிம் தலையில் அடித்துக்கொள்வான். “டேய், மேல இருக்கிறவனுங்களே தேவலைடா. அடிச்சிட்டுக் கீழே விட்டுடுறானுங்க. நீ அடிக்காமலே உயிரை எடுக்கிற.”

“சொல்லுண்ணே. வேற என்ன வேலை இருக்கு உனக்கு?”

அவன் என்னைவிட ஆறு வயது பெரியவன். அண்ணே என்று கூப்பிட்டால் இளகிவிடுவான். அப்படித்தான் அவன் பிறந்ததிலிருந்து எல்லாம் வாங்கினேன். மயாதாவைப் பார்த்த கதையும் அப்படித்தான் வந்தது.

“அரீஹா பஸ் நிலையம்டா. கையில ஒரு காகிதப் பை நிறைய செர்ரி வச்சுக்கிட்டு நிக்கிறா. ஒண்ணு எடுத்து வாயில போடுறா. உதடு செவந்துபோச்சு. அவ்வளவுதான், நான் காலி.”

“நீ எதுக்கு அரீஹா போனே?”

“பெரியம்மா பையன் கல்யாணம். வீடியோ எடுக்க. அன்னிக்கு பனி கொட்டினதுல கல்யாணப் பொண்ணோட ஷூ வாசல்லயே மாட்டிக்கிச்சு. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம்.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். “பனியா? பனியில ஏதுண்ணே செர்ரி? அரீஹா செர்ரி மே மாசம்தானே வரும்?”

 அவன் சிரித்தான். இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, கம்பளியை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“போலீஸ்காரனாப் போயிருக்கணும்டா நீ. சரி, வெங்காயம். ஒரு சாக்குப் பையில வெங்காயம். பை அடியில கிழிஞ்சிருந்தது. மூணு வெங்காயம் உருண்டு பனியில விழுந்தது. நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன். போதுமா?”

“அப்புறம் செர்ரின்னு ஏன் சொன்னே?”

“வெங்காயம் வச்சிருந்த பொண்ணைப் பார்த்து மயங்கினேன்னு ஊர்ல சொல்ல முடியுமா? மாமனார் முன்னாடியே செர்ரின்னுதான் சொன்னேன். பதினோரு வருஷமா அவ கத்துறா, வெங்காயம் வெங்காயம்னு. நானும் விடுறதில்லை. செர்ரிதான்னு அடிச்சுப் பேசுவேன். ஒத்துக்கிட்டா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடுமே.”

இன்னொன்றையும் கேட்டேன். கூரையிலிருந்து பார்த்ததை. அதை ஒரே மூச்சில் அவனால் சொல்ல முடியவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. இடமிருந்து வலமாக யார் யார் நின்றார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள், யார் கையை எதனால் கட்டியிருந்தது, எதிரே துப்பாக்கியோடு நின்றவர்களில் எவன் எந்த ஊர், முதலில் சுட்டவன் எவன். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் அதுதான். கேட்டுக் கேட்டு, நானே அந்தக் கூரையில் படுத்திருந்ததுபோல ஆகிவிட்டது.

ஜனவரியில் அவன் இடது காலில் புண் பழுத்தது. மருந்து கேட்டேன். “டிஸ்க் எங்கேன்னு சொல்லட்டும், டாக்டரே வருவார்” என்றான் அபூ மிஹ்ஜன். ஹாஸிம் சொல்லவில்லை. முழங்கால்வரை கறுத்தது. கடைசி ஐந்து நாள் காய்ச்சலில் யார் யாருடைய கல்யாணத்தையோ படம் பிடித்துக்கொண்டிருந்தான், விளக்கை இந்தப் பக்கம் திருப்பு என்று என்னை அதட்டினான். நானும் திருப்புவதுபோல் கையை ஆட்டினேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நன்றாக விடிந்த பிறகு மூச்சு நின்றது. ஆலைக்குப் பின்னால் சக்கைக் குவியலை ஒட்டிக் குழி தோண்டச் சொன்னார்கள். தோண்டியது நான். அவனைக் கிடத்தி மண்ணைத் தள்ளியதும் நான். இறந்தவருக்காக ஓதும் துஆவை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன், பாதியில் மறந்துபோயிற்று. அதற்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

எட்டு நாள் கழித்து அபூ மிஹ்ஜன் வந்தான். என் எதிரே டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

“ஹாஸிம் பொண்டாட்டி இறங்கி வந்துட்டா. டிஸ்கைக் கொடுக்கிறாளாம். அதுக்கு முன்னாடி புருஷன் உயிரோட இருக்கானான்னு தெரியணுமாம். மருந்துக்கடை ஹாஜி மூலமா ஒரு கேள்வி அனுப்பியிருக்கா. நீதானே அவன்கூடவே கிடந்தவன். பதிலைச் சொல்லு.”

பிணைக்கைதி வீட்டார் இப்படிக் கேள்வி அனுப்புவது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த நடைமுறைதான். படம் அனுப்பினால் பழைய படமாக இருக்கலாம், குரலை முன்பே பிடித்து வைத்திருக்கலாம். அவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டால் ஏமாற்ற முடியாது. நானே இதைப் பற்றி இரண்டு செய்தி எழுதியிருக்கிறேன்.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“தெரியலைன்னா உனக்கு எதுக்கு ரொட்டி?” என்றான். மிரட்டும் குரல்கூட இல்லை, கணக்குச் சொல்லும் குரல்.

சீட்டைப் பிரித்துப் படித்தான். ‘என்னை முதல் தடவை பார்த்தப்ப என் கையில என்ன இருந்தது?’

அவன் ஒரு சிகரெட் குடித்து முடிக்கும்வரை எனக்கு நேரம் கொடுத்தான். தெரியாது என்றால் இன்றைக்கே எனக்கும் குழி. புத்தகம், குடை என்று எதையாவது உளறி வைத்தால் மயாதா புரிந்துகொள்வாள், டிஸ்க் தப்பும். தவறான பதில் என்று ஹாஜி வந்து சொன்ன நிமிடம் என் கதை முடியும். சரியான பதிலைச் சொன்னால் நான் பிழைக்கலாம். அவள் மண்ணுக்குள் கிடக்கும் புருஷனுக்காகப் பதினோரு பேரின் சாட்சியத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். ஹாஸிம் காலையும் உயிரையும் கொடுத்துக் காத்தது அது.

செர்ரி என்ற சொல் மனதில் வரத்தான் செய்தது. உடனே தள்ளினேன். அது அவன் அடித்த கதை, அவளுக்குத் தெரிந்த உண்மை வேறு. நடந்தது எதுவோ அதுதானே சரியான பதில்?

“வெங்காயம்” என்றேன். நம்பாமல் போய்விடக் கூடாதே என்று விவரமும் சேர்த்தேன். “சாக்குப் பை. அடியில கிழிஞ்சிருந்தது. மூணு உருண்டு பனியில விழுந்தது.”

அபூ மிஹ்ஜன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டான். அன்று மாலை எனக்கு ஆலிவ் வந்தது, ஒரு துண்டு வெண்ணெய்க்கட்டியும் வந்தது. நான் செய்தது துரோகம். அதை வேறு சொல் போட்டு மெழுக எனக்கு விருப்பமில்லை. அந்த வெண்ணெய்க்கட்டியை முழுவதும் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மார்ச் நடுவில் ஒரு காலையில் கதவு திறந்தது. “எழுந்திரு. உனக்கு எங்கேயோ மச்சம் இருக்குடா” என்றான் அபூ மிஹ்ஜன். கண்ணைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். கட்டை அவிழ்த்தபோது சாலை ஓரத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் நின்றது. பக்கத்தில் மருந்துக்கடை ஹாஜி ஃபவ்ஸி. ஒரு துணிப் பொட்டலத்தை அவர் அவர்களிடம் நீட்டியதையும், அவர்களில் ஒருவன் அதைப் பிரித்துக் கறுப்புப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததையும் நான் கண்ணால் பார்த்தேன். ஹாஜி என்னைக் காரில் ஏறச் சொன்னார். வேறு யாரையும் அவர் கேட்கவில்லை.

கடைசிச் சோதனைச் சாவடி தாண்டியதும் வாயைத் திறந்தேன். “ஹாஜி, ஹாஸிம் போனது அவன் மனைவிக்குத் தெரியுமா?”

“எதுவா இருந்தாலும் அவகிட்டயே பேசிக்கோ தம்பி” என்றார். “நான் நடுவுல ஓடினவன். என்னை விட்டுடு.”

வழியெல்லாம் பாதாம் பூத்திருந்தது.  வாசலில் ஒரு பெண் புருஷனுக்காக நின்றுகொண்டிருப்பாள். நான் இறங்குவேன். அவள் என் தோளுக்கு மேலாகக் காருக்குள் எட்டிப் பார்ப்பாள். அந்தப் பார்வையை எப்படித் தாங்குவது? செய்திக்கு முதல் வரி எழுதுவதுபோல ஒரு வாக்கியத்தை அமைத்துப் பார்த்தேன். உங்கள் கணவர் பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலமானார். வேண்டாம். ஹாஸிம் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அதுவும் வேண்டாம். கார் நின்றபோது என்னிடம் ஒரு வரியும் இல்லை.

அவள் எட்டிப் பார்க்கவில்லை. ஹாஜியின் தங்கை பக்கத்தில் நிற்க, கறுப்பு உடையில் வாசற்படிக்கு உள்ளேயே நின்றாள். ஹாஸிம் சொன்னதைவிடக் குள்ளம். என் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தை.

“வெங்காயம்னு சொன்னது நீங்கதானே?”

 தலையை ஆட்டினேன்.

“எந்த நாள்?”

“என்னங்க?”

“அவர் போனது. எந்த நாள்? உங்க பதில் வந்த அன்னிலேருந்து இத்தா இருக்கேன். புருஷனுக்காக நாலு மாசம் பத்து நாள் துக்கம் இருக்கணும். ஆனா போன நாள் தெரியாம எண்ணினா தப்பாயிடும்.”

“பிப்ரவரி ஒன்பது. ஞாயித்துக்கிழமை. காலையில.”

அவள் விரல் மடக்கினாள். “அப்ப எட்டு நாள் முன்னாடியே” என்றாள். குரல் அந்த இடத்தில் உடைந்தது. ஹாஜியின் தங்கை அவள் கையைப் பிடித்தாள். நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்காக அழுதேனா, அவனுக்காகவா என்று கேட்டால் தெரியாது. ஐந்து மாதத்தில் அன்றுதான் அழுகை வந்தது.

உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தார்கள். கதவைத் திறந்து வைத்து, ஹாஜியின் தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மயாதா எதிரே உட்கார்ந்தாள்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன். “நான் சரியாத்தானே சொன்னேன்? பை கிழிஞ்சதுகூடச் சொன்னேனே.”

“சரியாச் சொன்னதாலதான் தெரிஞ்சுது” என்றாள். “அவனுங்களுக்கு அடிச்சு வாங்கத் தெரியும். நடந்ததைக் கேட்டா அடிச்சே வாங்கிடுவாங்க, யார் வாயிலேருந்து வேணும்னாலும். அந்த ஆளு உயிரோட இருந்து, கேட்கிறது நான்னு தெரிஞ்சா, எந்த நிலைமையிலயும் செர்ரின்னுதான் சொல்லுவார். அவர் ஒருத்தரைத் தவிர எவனும் அந்தத் தப்பைச் சொல்ல மாட்டான். அதுக்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.”

 அந்தத் தப்பான பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. தகவல் பிழை என்று நான்தான் திருத்தினேன்.

“அப்புறம் ஏங்க டிஸ்கைக் கொடுத்தீங்க? அவர் போயிட்டார்னு தெரிஞ்சும்?”

“அவருக்காக நான் கொடுக்கலை. தன்னைப் பிடிச்சிட்டாங்கன்னா தன் உசுருக்காக இதைக் கொடுக்கக் கூடாதுன்னு குர்ஆன் மேல சத்தியம் வாங்கியிருந்தார். கடைசிவரைக்கும் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். உங்களுக்காகக் கொடுத்தேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மூணு வெங்காயம் உருண்டது எனக்கே மறந்துபோச்சு. பதினோரு வருஷம் என்கிட்ட ஒத்துக்காதவர் உங்ககிட்ட ஒத்துக்கிட்டிருக்கார். இப்படித் தோண்டித் தோண்டிக் கேட்கிற ஆளு வெங்காயத்தோட விட்டிருப்பாரா? அந்தச் சுவரைப் பத்தியும் கேட்டிருப்பீங்க. கேட்டீங்களா இல்லையா?”

“கேட்டேன்.”

“முழுசாவா?”

“முழுசா.”

“அவனுங்க வீடு வீடாத் தோண்டிக்கிட்டு வர்றாங்க. இன்னிக்கு இல்லைன்னா அடுத்த மாசம் டிஸ்க் அவங்க கைக்குப் போயிடும், காப்பி எடுக்கவும் ஊர்ல ஒரு மிஷின் இல்லை. கரண்ட் கொடுக்கிறதும் அவங்க ஆளுதான். டிஸ்கைச் சுத்தியலால உடைச்சா முடிஞ்சுது. உங்களை எல்லை தாண்டி அனுப்பிட்டா உடைக்க முடியாதே. ஹாஜிகிட்டச் சொல்லி அனுப்பினேன். செத்த புருஷன் எனக்கு வேணாம், வெங்காயம்னு சொன்னவனை விடுங்க, டிஸ்கைத் தர்றேன்னு. பதினோரு வீட்டுலயும் கேட்டுட்டுத்தான் செஞ்சேன். ஒன்பது பேர் சரின்னாங்க.”

மீதி இரண்டு பேரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளிடம் வேறொன்றையும் சொல்லவில்லை. செத்துப்போன ஒரே ஒருவன் சொன்னதை, எழுதி வைக்காமல், ஒரு நிலவறையில் கேட்டுக்கொண்டு வந்தவன் நான். எந்த நீதிமன்றமும் இதை ஏற்காது. என் நிறுவனமே போடாது, இரண்டாவது ஆள் எங்கே என்று கேட்கும். நானே ஆசிரியராக இருந்தாலும் போடமாட்டேன். படத்தைக் கொடுத்துவிட்டுப் பேச்சை வாங்கியிருக்கிறாள் அந்தப் பெண்.  காகிதம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரத்தில் அறை நிறைந்தது. எல்லாம் அந்தப் பதினோரு வீட்டுத் தாய்மார்கள், ஒரு கிழவர். யாரும் என்னிடம் நலம் விசாரிக்கவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இடமிருந்து வலமாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். முதலில் நின்றவர் ரொட்டிக்கடை முஸ்தஃபா, பழுப்புக் கோட்டு, ஒரு காலில் செருப்பில்லை. இரண்டாவது அவர் மருமகன். ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். ஒருத்தி, “கோட்டு இல்லை தம்பி, அது ஜாக்கெட்” என்று திருத்தினாள். திருத்தினேன். அப்படித் திருத்தும்போது எனக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது; இதோ இரண்டாவது ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

“அஞ்சாவது ஜாபிர்” என்றேன். “நீல ஸ்வெட்டர். கையைக் கரண்ட் வயரால கட்டியிருந்தாங்க.”

வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி இரண்டடி உள்ளே வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காராதவள். “என் பையன் கடைசியா என்ன சொன்னான்?”

“கூரைமேலேருந்து எடுத்ததும்மா. தூரம். சத்தம் பதியலை.”

“வாய் அசைஞ்சுதா?”

அசைந்தது. ஹாஸிம் சொல்லியிருக்கிறான். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்திருக்கிறேன். “அசைஞ்சுதும்மா. ஏதோ சொன்னார்.”

“என்னன்னு?”

அம்மா என்று கூப்பிட்டார் என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுக்கப் போவதில்லை. “ஹாஸிமுக்குப் புரியலை” என்றேன். “அதனால எனக்கும் தெரியாது.”

அவள் என்னைத் திட்டவில்லை. மயாதாவைப் பார்த்தாள்.

“உம்மு ஜாபிர்…” என்று மயாதா எழுந்தாள்.

“முகம் தெளிவா இருக்குன்னு உன் புருஷன் சொன்னானே மயாதா. நான் அந்தப் படத்தைப் பார்த்திருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். பேச்சு வர்றதுக்கு முன்னாடிலேருந்து அந்த வாயைப் பார்த்தவ நான். சத்தம் எனக்கு எதுக்கு? இதுக்குத்தானே வேணாம்னு கும்பிட்டேன் உன்னை.”

 அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். முற்றத்தின் இரும்புக் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது. நோட்டில் ஐந்தாவது பெயருக்கு எதிரே நீல ஸ்வெட்டர், கரண்ட் வயர் என்று எழுதியிருந்தேன். வாய் அசைந்தது என்பதையும் சேர்த்தேன். என்ன சொன்னார் என்ற இடத்தில் தெரியவில்லை என்று எழுதிவிட்டு, ஆறாவது பெயரைச் சொன்னேன்.